ஆணியில் தொங்கிய கோட்டு

மூன்றாவது மாடி முழுவதும் வலிக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. வலியைப் பற்றிப் படித்தவர்கள், எழுதியவர்கள், வலியைப் பற்றிப் பேசுவதற்காகவே விமானம் ஏறி இறங்கியவர்கள் என்று இருபது முப்பது பேர் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒருத்தி எட்டு மாதமாக எந்தக் கதவையும் கையால் திறக்காமல் முழங்கையால் தள்ளித் திறந்துகொண்டிருந்தாள். அத்தனை நிபுணர்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்களுக்குச் சின்ன விஷயங்கள் தெரியாது என்று மன்னித்துவிடலாம்தான். எனக்கு மன்னிக்க மனசில்லை.

அவளை எல்லோரும் எலி அக்கா என்பார்கள். வாசல் காவலாளி முதல் நேற்றுச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர் வரை அதே பெயர்தான். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். பத்தொன்பது வருஷமாக அந்த மாடியின் எலிகளைப் பிடிப்பதும், ஊசி போடுவதும், சோதிப்பதும் அவள்தான். மற்றவர்கள் பிடித்தால் கடித்துக் குதறும் எலி அவள் கைக்கு வந்ததும் சாதுவாகிவிடும். பேராசிரியர் வெளியூர் விருந்தாளிகளிடம், இந்த அம்மாவின் கை தங்கக் கை என்று காட்டுவார். காட்டிவிட்டு, அந்தக் கையைப் பார்க்காமலே அடுத்த அறைக்கு நடந்துவிடுவார்.

அந்தத் தங்கக் கையின் மணிக்கட்டும் விரல் முட்டிகளும் எட்டு மாதமாக வீங்கிக் கிடந்தன. மூட்டுக்குள் அழற்சி. உடம்பு தன் மூட்டையே எதிரி என்று நினைத்துச் சண்டை போடும் நோய் என்று டாக்டர் சொன்னார். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர்தான் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவார், தலை பின்னிவிடுவார். முதல் மாதம் அவர் பின்னிய பின்னல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு தொங்கியது. அதைப் பார்த்து நாத்தனார் ஒரு மணி நேரம் சிரித்தாள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு பின்னுகிறார், நாத்தனாருக்குச் சிரிக்க ஒன்றும் மிச்சமில்லை.

அவள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எலியின் பின்னங்காலில் ஒரு மருந்தைக் குத்தினால் மறுநாள் பாதம் பொதுபொதுவென்று வீங்கியிருக்கும். அந்த எலியைக் கண்ணாடித் தரை போட்ட பெட்டியில் விட வேண்டும். விட்டவுடனே சோதிக்கக் கூடாது. அரை மணி நேரம் மோந்து பார்த்து, மீசையைத் துடைத்து, இடம் பழகட்டும் என்று காத்திருக்க வேண்டும். பிறகு கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு விளக்கைப் பாதத்துக்கு நேராகப் பிடித்தால் சூடு ஏறும். எலி காலை உதறி எடுக்கும் வரை எத்தனை வினாடி என்பதுதான் கணக்கு. நல்ல காலுக்குப் பத்து வினாடி, வீங்கிய காலுக்கு நாலு. தோல் வெந்துவிடக் கூடாது என்று இருபதாவது வினாடியில் விளக்கு தானாக அணைந்துவிடும்.

எண்களை அவள் ஒரு பெரிய நோட்டில் எழுதுவாள். நாலை நாலேகால் என்றுகூட மாற்றி எழுதமாட்டாள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. மின்விசிறி ஓடவில்லை, பக்கத்து அறையில் சுவரைத் துளைத்தார்கள், பேராசிரியர் உடனிருந்தார், பேராசிரியரின் கோட்டு இருந்தது என்று கண்ணில் பட்டதையெல்லாம் அதில் எழுதிவைப்பாள். பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கட்டத்தை ஒரு ஜீவனும் படித்ததில்லை.

பேராசிரியர் வலி உலகத்தில் பெரிய தலை. அவர் படியேறும் சத்தம் கேட்டதும் மாடியில் உள்ளவர்கள் 'வலி வந்தாச்சு' என்று ஒருவருக்கொருவர் கிசுகிசுத்துக்கொள்வார்கள். எங்கே பேசினாலும் அவருக்கு ஒரே பேச்சுதான். பெட்டி கழுவிக்கொண்டே கேட்டுக் கேட்டு எலி அக்காவுக்கே அது மனப்பாடம். மூளையின் அடிப்பகுதியில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னத் திட்டு இருக்கிறது. உடம்பிலிருந்து வலிச் செய்தி மேலே ஏறி வரும்போது, விடலாமா வேண்டாமா என்று தண்டுவடத்துக்கு உத்தரவு போடுவது அதுதான். மார்ஃபின் போன்ற அபின் வகை மருந்துகள் போய்த் தட்டுவதும் அதன் கதவைத்தான். ஆனால் அழற்சி நாள்கணக்கில் நீடித்தால் அந்தத் திட்டே மாறிப்போகிறது. மருந்தை விடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது செவிடாகிவிடுகிறது. சில சமயம் வலியை அடக்க வேண்டிய மருந்தே வலியைக் கிளறிவிடுகிறது. இங்கே பேராசிரியர் தண்ணீர் குடிப்பார். குடித்துவிட்டு, போர்க்களத்தில் கால் போன சிப்பாய்க்குச் சண்டை முடியும் வரை வலி தெரியாத கதையைச் சொல்வார். பயம் வந்தால் மூளை தனக்குத் தானே மார்ஃபின் மாதிரி ஒன்றைச் சுரந்துகொண்டு வலியை நிறுத்திவிடும் என்பார். இந்த இடத்தில் கைதட்டல் நிச்சயம். எலிகளுக்கும் அப்படித்தானாம், அறிமுகமில்லாத ஆம்பிளை வாடை பட்டாலே போதும், அதுகளுக்கு வலி மறந்துவிடும் என்று ஒரு படமும் போட்டுக் காட்டுவார். இத்தனையும் தெரிந்த மனுஷருக்குத் தன்னிடமும் ஒரு வாடை உண்டு என்பது மட்டும் தோன்றவே இல்லை.

வாடை என்றால் கோட்டு. முதல் விருது வாங்கிய அன்று அவர் போட்டிருந்தது அந்த வெள்ளைக் கோட்டுதான். ராசியான கோட்டு, துவைத்தால் ராசி போய்விடும். கைகளில் வலியைப் பிடித்து நுண்ணோக்கிக்கு அடியில் வைக்கத் தெரிந்த விஞ்ஞானி, சோப்புக்குப் பயந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டுச் சோதனை அறைக்கு வருவார், கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னாலிருக்கும் ஆணியில் மாட்டுவார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எலிகளைப் பார்ப்பார். மாலையில்தான் எடுத்துக்கொண்டு போவார்.

அவர் பார்க்க வந்தது பதினேழாம் நம்பர் மருந்தின் எலிகளை. செவிடாகிப்போன அந்தத் திட்டின் காதை மறுபடி திறந்துவிடும் மருந்து என்று அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். மருந்து நல்லதா என்று தெரிய வேண்டுமென்றால் வெறும் உப்புத் தண்ணீர் குத்திய எலிகளும் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் கணக்கில் அவை ஒப்புக்குச் சப்பாணிகள். அவற்றைப் பார்க்க அவருக்குப் பொறுமை கிடையாது. அதனால் அவரே ஒரு கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார். காலையில் உப்புத் தண்ணீர் எலிகள். மதியம், அவர் வந்த பிறகு, பதினேழாம் நம்பர் எலிகள். காலையில் நாலு வினாடி வந்தது. மதியம் பதினொன்று வந்தது. மருந்து பிரமாதமாக வேலை செய்கிறது என்று மாடி முழுக்க இனிப்பு கொடுத்தார்கள்.

விரலை மடக்கினால் வலிக்குமே என்று எலி அக்காவுக்கு அந்த இனிப்பை வாங்கக் கை நீட்டவே பயமாக இருந்தது. வெளியில் ஒரு டாக்டர் அவளுக்கு அபின் வகை மாத்திரை எழுதித் தந்திருந்தார். முதல் பத்து நாள் சொர்க்கம். மூன்றாவது வாரம் பாதி வலி திரும்பி வந்தது. டாக்டர் மாத்திரையை இரட்டிப்பாக்கினார். ஐந்தாவது வாரம், தலையணை பட்டால்கூடக் கை எரிந்தது. இதே கதையை எலிகளிடம் பார்த்து நூறு தடவை நோட்டில் எழுதியவள் அவள். டாக்டரிடம் போய் இது வேண்டாம் என்று சொல்லி, அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினாள். அழற்சியையே அடக்கும் வேறு மருந்து ஆரம்பித்திருந்தார்கள். அது வேலை காட்ட ஆறு மாதமாவது ஆகும். அதுவரை கைக்கு ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு ஒரேயடியாகக் கோணிப்போகும் என்றார்கள்.

ஓய்வுக்கு வழியில்லாமல் இல்லை. கீழ்மாடிப் பதிவறையில் உட்கார்ந்து பழைய வீடியோக்களைப் பார்த்து எலி எப்போது காலை எடுத்தது என்று குறிக்கும் வேலை ஒன்று காலியாக இருந்தது. அதற்கு மாற வேண்டுமென்றால் நிலையத்தின் மருத்துவக் குழு சான்றிதழ் தர வேண்டும். தராவிட்டால் எலிதான். இதற்குள் இரண்டு தடவை எலி கை நழுவி விழுந்திருந்தது. விழுந்த ஒவ்வொரு எலிக்கும் பேராசிரியர் கவனக்குறைவு என்று ஒரு மெமோ கொடுத்திருந்தார். மூன்றாவது மெமோ வந்தால் வேலை போய்விடும். அந்த மணிக்கட்டை வைத்துக்கொண்டு மூன்றாவது எலி விழாமல் இருக்கும் என்று அவளால் சத்தியம் பண்ண முடியாது.

குழுவில் மூன்று பேர். நிலையத்தின் டாக்டரம்மா, நிர்வாக அதிகாரி, துறைத் தலைவர் என்ற முறையில் பேராசிரியர். அவள் போனால் எலி பிடிக்க ஆளில்லை என்பதால் பேராசிரியருக்கு இந்த மாற்றம் துளியும் பிடிக்கவில்லை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ராசிக் கோட்டோடு உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் முக்கியம்: அழுத்திப் பார்க்கும்போது வலி, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை. ஐந்துக்கு மேல் வந்தால் மாற்றம். வீக்கத்தை எழுத அந்தப் படிவத்தில் இடமே விடவில்லை. படிவம் தயாரித்தவர் மூன்றாவது மாடிக்காரர்.

அவளுக்கு நாக்கு வறண்டிருந்தது.  கை கால் ஜில்லென்று இருந்தது. டாக்டரம்மா மணிக்கட்டைப் பிடித்து, வீங்கிய இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தினார்.

"வலிக்குதாம்மா?"

எலி அக்கா காத்திருந்தாள். காலையில் பொத்தான் போடும்போது உயிர் போன அதே இடம். இப்போது அங்கே விரல் அழுத்துவது தெரிந்தது, வலி மட்டும் இல்லை. யாரோ ஒருவருடைய கை மாதிரி இருந்தது.

"இல்ல மேடம்."

"பயப்படாம ஒரு நம்பர் சொல்லுங்க."

"பூஜ்யம்," என்றாள். நாலை நாலேகால் என்று எழுதத் தெரியாதவள் வேறு என்ன சொல்வாள்?

நிர்வாக அதிகாரி பூஜ்யம் என்று எழுதினார். பேராசிரியர் எழுந்து வந்து, தங்கக் கைக்கு ஒன்றும் ஆகாது என்று தனக்குத் தெரியும் என்றார். வெளியில் வந்து அவள் பேருந்துக்காக நின்றாள். இருபது நிமிஷம் போயிருக்கும். மணிக்கட்டில் முதலில் ஒரு குத்தல், பிறகு தோள் வரைக்கும் இழுத்துக்கொண்டு, சேர்த்து வைத்திருந்தது முழுவதையும் ஒரே நேரத்தில் தீர்த்துக்கொள்வது போல வலி வந்தது. நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, ஒரு அரசாங்க விளம்பரப் பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வீட்டில் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரே ஒரு ஆ சொல்லியிருந்தா போதுமே. அதுக்கென்ன காசா பணமா?"

"வரலைங்க. வராததை எப்படிச் சொல்றது?"

 அவர் வெந்நீரில் துணியை நனைத்து அவள் கையில் சுற்றிக்கொண்டே, லிஃப்டுகளும் இந்தக் கிறுக்குத்தான் பண்ணும் என்றார். குடியிருப்பவர்கள் ஏறினால் கடகடவென்று சத்தம் போடும், நடுவில் நிற்கும்; மெக்கானிக் போய் நின்றால் கம்மென்று ஓடும். அவர் கிளம்பித் தெருமுனை தாண்டியதும் மறுபடி நிற்கும். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அவளுக்கு ஆறுதலாக இல்லை, தான் பொய்க்காரி ஆகிவிட்டதாக வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் கை மோசமானது. வேலை நத்தை வேகத்தில் போனது. காலையில் முடிய வேண்டிய உப்புத் தண்ணீர் எலிகளில் மூன்று மிச்சமாகி மதியத்துக்குத் தள்ளிப்போயின. பேராசிரியர் வந்து கோட்டை மாட்டிவிட்டு, மிச்சமிருப்பது உப்புத் தண்ணீர் எலிகள் என்று தெரிந்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கோட்டு ஆணியிலேயே இருந்தது. அவள் விளக்கைப் பிடித்தாள். ஆறு, ஏழு, எட்டு என்று வினாடி ஏறிக்கொண்டே போனது. வீங்கிய பாதத்தை எலி பத்தாவது வினாடியில்தான் எடுத்தது. அடுத்ததும் பத்து. மூன்றாவது பதினொன்று.

ஊசி மாறிவிட்டதோ என்று நினைத்தாள். குப்பைத் தொட்டியிலிருந்து குப்பியை எடுத்துப் பார்த்தாள், உப்புத் தண்ணீரேதான். அப்புறம்தான் எலிகளைச் சரியாகப் பார்த்தாள். மூன்றும் மூலையில் ஒடுங்கியிருந்தன. முடி சிலிர்த்திருந்தது. கண் பிதுங்கியிருந்தது. மீசையைத் துடைக்கவில்லை, மோந்து பார்க்கவில்லை. பெட்டி முழுக்கப் புழுக்கை போட்டு வைத்திருந்தன. வலி குறைந்த எலி அப்படி உட்காராது. பதினேழாம் நம்பர் எலிகளும் மதியத்தில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தன, மருந்து தந்த அமைதி என்று பேராசிரியர் படம் எடுத்து வைத்திருந்தார். அது அமைதியில்லை. வறண்ட நாக்கோடு, ஜில்லிட்ட கை காலோடு, மேஜைக்கு முன்னால் தான் உட்கார்ந்திருந்த மாதிரி அது என்று எலி அக்காவுக்குப் புரிந்தது. அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி ஆணியைப் பார்த்தாள்.

அதற்கடுத்த நாலு நாளும் பேராசிரியர் பதினேழாம் நம்பரைப் பற்றிப் பேச வெளிநாடு போயிருந்தார். பயணத்துக்கு வேறு உடுப்பு. கோட்டு ஆணியோடு இருந்தது. முதல் நாள் அவள் அதைக் கிடுக்கியால் எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மூன்று அறை தள்ளிச் சாமான் அறையில் வைத்துவிட்டு, சோதனை அறையைக் கழுவிவிட்டாள். பதினேழாம் நம்பர் குத்திய எலிகள் நாலாவது வினாடியில் காலை உதறின. இரண்டாம் நாள் கோட்டை மாட்டினாள், பதினொன்று. மூன்றாம் நாள் எடுத்தாள், நாலு. நாலாம் நாள் மருந்தே இல்லாமல் உப்புத் தண்ணீரும் கோட்டும், பத்து. அத்தனையும் நோட்டில் ஏறியது. குறிப்பு என்ற கட்டத்தில் கோட்டு இருந்தது, கோட்டு இல்லை என்று மாறி மாறி எழுதினாள். பழைய பக்கங்களைப் புரட்டினால் அங்கேயும் அதே கதைதான். பதினேழாம் நம்பர் ஜெயித்த நாளெல்லாம் ஆணியில் கோட்டு இருந்த நாள்.

பேராசிரியர் மாலை மரியாதை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய், முழுவதையும் பயந்து பயந்து சொன்னாள். அவர் பாதிவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டு என்ற வார்த்தை காதில் விழுந்ததும்தான் நிமிர்ந்தார்.

"இங்க பாரும்மா," என்றார் சிரித்துக்கொண்டே. "நீ கை வேலையப் பாரு. மூளை வேலைய நான் பார்த்துக்கறேன்."

அந்த நேரத்தில் அவளுக்குக் கோபம் வந்தது. பத்தொன்பது வருஷத்தில் அந்த அறையில் அவளுக்குக் கோபம் வந்தது அதுதான் முதல் தடவை. வெளியே வந்து, மறுபரிசோதனை வேண்டும் என்று முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு மனு எழுதினாள். ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆனது.

குழு மறுபடி கூடியது. அறையில் மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை. பேராசிரியர் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். டாக்டரம்மா கையை நீட்டச் சொன்னார். எலி அக்கா நீட்டவில்லை. தன்னைச் சோதிக்கும்போது பேராசிரியர் அறையில் இருக்கக் கூடாது என்றாள். அவர் இருந்தால் தனக்கு வலிக்காது என்றாள்.

நிர்வாக அதிகாரி திருதிருவென்று முழித்தார். உறுப்பினரை வெளியே அனுப்ப விதியில் இடமிருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். அவள் நோட்டைத் திறந்து டாக்டரம்மா பக்கம் நகர்த்தினாள். டாக்டரம்மா படித்தார். ஒரு பக்கம் புரட்டினார், பின்னால் ஒரு பக்கம் புரட்டினார். அந்தக் குறிப்புக் கட்டத்துக்குக் கடைசியில் ஒரு வாசகி கிடைத்தார். உப்புத் தண்ணீர் எலி வீங்கிய காலோடு பத்து வினாடி நிற்பது எப்படி என்று அவர் பேராசிரியரைக் கேட்டார்.

பேராசிரியரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அது கைப்பிழை. இந்தம்மா கை நடுங்கி விளக்கைத் தப்பாப் பிடிச்சிருப்பாங்க."

"அப்போ கை சரியில்லைன்னு எழுதிக் குடுங்க சார், நான் கீழ்மாடிக்குப் போயிடறேன்," என்றாள் எலி அக்கா. "கை நல்லாத்தான் இருக்குன்னா நோட்டும் நல்லாத்தான் இருக்கு. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

 பேராசிரியருக்கு எந்தப் பக்கம் போனாலும் இடித்தது. கை கெட்டது என்றால் ஆள் போய்விடும், அந்தக் கை எழுதிய பதினேழாம் நம்பரும் கூடவே போய்விடும். கை நல்லது என்றால் கோட்டு வந்து நிற்கும். ஒரு வழி கண்டுபிடித்தவராக எழுந்தார். அறிவியலுக்கு நிரூபணம் வேண்டும், நான் வெளியே போகிறேன், அழுத்திப் பாருங்கள், அப்போதும் பூஜ்யம்தான் வரும், அத்தோடு இந்தக் கோட்டுக் கூத்து முடியட்டும் என்றார். விறுவிறுவென்று போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டாக்டரம்மா மணிக்கட்டில் கட்டை விரலை வைத்து அழுத்தினார்.

லேசாக ஒரு வலி. எங்கேயோ தூரத்தில். "ரெண்டு," என்றாள் எலி அக்கா.  நிர்வாக அதிகாரி பேனாவை எடுத்தார். எல்லாம் போச்சு என்று அவளுக்குப் பட்டது. வலியே வந்து தொலையேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். வலியைக் கெஞ்சிக் கூப்பிட்டவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நாக்கு வறண்டே இருந்தது, கை கால் ஜில்லென்றே இருந்தது. எதிரே நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலியில் கோட்டு உட்கார்ந்திருந்தது. தோள் இரண்டும் விறைப்பாக, பையில் பேனாவோடு, அவர் எங்கேயும் போகவில்லை என்கிற மாதிரி.

"மேடம், அந்தக் கோட்டையும் வெளியில அனுப்புங்க."

டாக்டரம்மா நிர்வாக அதிகாரியைப் பார்த்தார். அவர் எழுந்து, இரண்டு விரலால் காலரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். பேராசிரியர் வாசலிலேயே, காதைக் கதவில் வைத்திருந்தவர் நிற்கும் அளவு பக்கத்தில் நின்றிருந்தார். கோட்டை வாங்கிக்கொண்டார். என்ன வந்தது என்று கேட்டார். அதிகாரி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். டாக்டரம்மா மறுபடி கையை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க மேடம். எலியைப் பெட்டியில விட்டதும் சுடமாட்டோம். இடம் பழகட்டும்னு விடுவோம்."

அதனால் மூன்று பேரும் காத்திருந்தார்கள். மின்விசிறி கிறீச்சிட்டது. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிர்வாக அதிகாரி ஒரு தடவை கொட்டாவி விட்டார். டாக்டரம்மா, தலையை யார் பின்னிவிடுகிறார்கள், அழகாக இருக்கிறதே என்று கேட்டார். வீட்டுக்காரர்தான் என்றாள் எலி அக்கா. சொல்லும்போதே சிரிப்பு வந்தது. அவள் தோள் மெல்லத் தளர்ந்தது. எச்சில் ஊறியது. மேஜையிலிருந்த தண்ணீரை எடுக்கக் கை நீட்டியபோதே மணிக்கட்டில் சுருக்கென்றது. தண்ணீரை விட்டுவிட்டு, கையை டாக்டரம்மா பக்கம் நீட்டினாள்.

கட்டை விரல் அழுத்தியது.

அவள் போட்ட சத்தம் வராந்தாக் கோடி வரை கேட்டது. எட்டு மாதமாக யாருக்கும் தெரியாமல் முழுங்கி வைத்திருந்த சத்தம் அது. டாக்டரம்மா பதறிக் கையை விட்டுவிட்டார். எலி அக்காவின் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. அதற்கு நடுவில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, வெளிப்படையாகவே சந்தோஷமாக இருந்தது. பத்தொன்பது வருஷமாக மற்ற ஜீவன்களின் வலிக்கு எண் போட்டவள் முதல் தடவையாகத் தன்னுடையதற்குப் போட்டாள்.

"எட்டு. ஏழரைன்னு எழுதாதீங்க. எட்டு."

வெளியிலிருந்து கதவைத் தட்டி, எத்தனை, எத்தனை என்று பேராசிரியர் கேட்டுக்கொண்டிருந்தார்.  நிர்வாக அதிகாரி கட்டத்தில் எட்டு என்று எழுதினார். எழுதிவிட்டு நோட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு, நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் என்ன செய்வது என்று நினைத்தவராக, படிவத்தின் ஓரத்தில் இருந்த காலி இடத்தில் குறிப்பு என்று போட்டு, பக்கத்தில் எழுதினார்: கோட்டு இல்லை.